வாசகர் கேள்விகள்: கூட்டம் தெரிகிறது, கடன் தெரிவதில்லை

சென்ற இதழில் ஒரு வாசகரின் கேள்விக்கு விடையாக, 2011 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் நிதித்துறைத் தெருவான வோல் ஸ்ட்ரீட் அருகே பொருளாதார ஏற்றத்தாழ்வுக்கு எதிராக மக்கள் கூடாரமடித்துத் தங்கிய போராட்டத்தையும், அதைப் பதிவு செய்த குறும்படங்களையும் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். அந்தப் பத்து வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை வேறு எதையும் தொடாமல் அவற்றுக்கே விடை சொல்கிறேன். முருங்கையில் மயிர்க்கொட்டிக்கு மருந்து கேட்ட உரும்பிராய் அன்பர் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: இரண்டே மாதங்களில் கலைக்கப்பட்டு, ஒரு கோரிக்கையைக்கூட வென்றெடுக்காத போராட்டம் அது. அதைப் பற்றிய குறும்படங்களை இன்று ஏன் பார்க்க வேண்டும்? அவற்றில் கற்பதற்கு என்ன இருக்கிறது?
(ஊடகக் கற்கை மாணவி, கொக்குவில்)

பதில்: வென்றெடுக்கவில்லை என்பது பெருமளவு உண்மை. கோரிக்கைப் பட்டியல் ஒன்றை அவர்கள் முன்வைக்கவே மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் படம் எடுக்கப் படிக்கிறவர்; உங்களுக்கு வெற்றி தோல்வியை விட அங்கே கமராவுக்கு என்ன நடந்தது என்பதே பயன்படும்.

2008 செப்ரெம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி வீழ்ந்தது. அடுத்த சில கிழமைகளில், நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த 700 பில்லியன் டொலர் வரை செலவிட அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அதே காலத்தில் வீட்டுக்கடன் கட்ட முடியாத குடும்பங்களின் வீடுகள் இலட்சக்கணக்கில் பறிபோயின. மூன்று ஆண்டுகளாகக் கனன்றுகொண்டிருந்த அந்தக் கோபத்துக்கு, கனடாவின் அட்பஸ்ரர்ஸ் சஞ்சிகை 2011 ஜூலையில் விடுத்த அழைப்பு ஒரு திகதியைக் கொடுத்தது. செப்ரெம்பர் 17 அன்று சுக்கொட்டி பூங்காவில் சனம் கூடியது. பூங்கா என்றதும் நமது யாழ்ப்பாணத்துச் சுப்பிரமணியம் பூங்காவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கல் பாவிய ஒரு முற்றம், நம் நில அளவுக் கணக்கில் ஏறத்தாழ 12 பரப்பு.

அந்த 12 பரப்பின் உரிமையில்தான் நுட்பமே இருக்கிறது. அது தனியார் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது, ஆனால் பொதுமக்களுக்கு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டியது. விதித்த அளவுக்கு மேல் கட்டடம் எழுப்ப விடுவதற்கு ஈடாக இப்படியான திறந்தவெளிகளை வாங்கிக்கொள்வது அந்நகரத்து வழக்கம். நகரத்தின் சொந்தப் பூங்காக்களை இரவில் மூடிவிடலாம், இதை அப்படி மூட முடியவில்லை. ஆனால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆகவே பேசுகிறவர் நாலைந்து சொல்லைச் சொல்லி நிறுத்துவார். அருகில் நிற்பவர்கள் அந்தச் சொற்களை ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் அதற்கு அப்பால் நிற்பவர்கள் இன்னொரு தடவை சொல்வார்கள். தேவாரத்தை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்தொடர்வது போன்றது இது. மனித ஒலிவாங்கி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அக்காலப் பதிவுகளைக் காதால் பாருங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு: ஒரே வாக்கியம் மூன்று தூரங்களிலிருந்து, ஒன்றின் மேல் ஒன்றாக, மெல்ல அகன்று போகிறது. எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிக்கை சொல்லத் தேவையில்லை, காதே அளந்துவிடும். பேசுகிறவரும் வளவளக்க முடியாது, ஏனெனில் தன் ஒவ்வொரு சொல்லையும் மற்றவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்யலாம்.

தொலைக்காட்சிகளுக்குக் கைதும் பொலிஸார் முகத்தில் அடித்த மிளகுத்தூளும் போதுமானதாக இருந்தன. ஒக்டோபர் 1 அன்று புரூக்ளின் பாலத்தில் 700 பேர்வரை கைதானபோதுதான் பல நிலையங்கள் திரும்பியே பார்த்தன. குறும்படக்காரருக்கு நேரம் இருந்தது. அவர்கள் அங்கேயே கிடந்தார்கள். ஒக்டோபர் 14 காலை துப்புரவுக்காகப் பூங்காவை வெறுமையாக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தபோது, துப்புரவு என்ற பெயரில் தங்களைக் கலைக்கப் போகிறார்கள் என்று உணர்ந்த மக்கள், முதல்நாள் இரவு முழுவதும் தாங்களே விளக்குமாறும் வாளியும் எடுத்துக் கல் கல்லாகத் தேய்த்தார்கள். காலையில் துப்புரவு ஒத்திவைக்கப்பட்டது. விடிய விடிய நிலம் தேய்க்கும் கைகளைக் காட்டும் ஒரு நிமிடம், அந்த மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பற்றி ஒரு மணிநேர விவாத நிகழ்ச்சியை விடக் கூடுதலாகச் சொல்கிறது.

நவம்பர் 15 அன்று, நள்ளிரவு கழிந்து, பொலிஸார் இடத்தை முற்றாகக் காலி செய்தார்கள். அங்கே மக்கள் சேர்த்து வைத்திருந்த நூலகத்தில் 5,000 இக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பகுதி அழிந்துபோனது. வழக்கு நடந்து, 2013 இல் நூல்களுக்காக 47,000 டொலர் கொடுக்க நகராட்சி உடன்பட்டது. 1981 இல் தன் நூலகத்தைச் சாம்பலாகப் பார்த்த ஊரில் இருந்து இதை எழுதும்போது கை ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. இரண்டையும் ஒப்பிட நான் வரவில்லை.

இனிக் குறையைச் சொல்கிறேன். அந்தப் படங்களுட் பெரும்பாலானவை போராட்டத்தைக் காட்டின, போராட்டத்தின் காரணத்தைக் காட்டவில்லை. "நாங்கள் 99 வீதத்தினர்" என்ற முழக்கம் எல்லாப் படத்திலும் கேட்கும். அக்காலத்தில் அமெரிக்காவின் வரிக்கு முந்திய வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உச்சியிலிருந்த ஒரு வீதத்தினரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு அந்த முழக்கத்துக்குள் இருக்கிறது. அதற்குப் படம் எது? கூட்டத்துக்கு முகம் உண்டு, பதாகை உண்டு, பறை உண்டு. ஏற்றத்தாழ்வுக்கு அப்படி எதுவும் இல்லை, அது வங்கிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த வகைக் குறும்படத்தின் முழுச் சிக்கலும் இதுதான். கீழே வரும் கடிதங்கள் பலவும் வேறு வேறு வாசல்களால் இதே இடத்துக்குத்தான் வருகின்றன.

*

கேள்வி: அமெரிக்கர் தம் வங்கிகளோடு சண்டை பிடித்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 2022 இல் கொழும்பில் நடந்ததையே நாம் தள்ளி நின்றுதானே பார்த்தோம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

பதில்: ஐயா, ஒரு சிறு செய்தியைச் சொல்கிறேன். 2011 ஒக்டோபர் 28 அன்று, ஆபத்தானவை என்று சொல்லி அந்தப் பூங்காவிலிருந்த மின்பிறப்பாக்கிகளைத் தீயணைப்புப் படையினர் எடுத்துச் சென்றுவிட்டார்கள். மறுநாளே பனி கொட்டியது. கமராவுக்கும் கைபேசிக்கும் மின்சாரம் இல்லை. அவர்கள் சைக்கிள்களை நிறுத்தி வைத்து மிதித்து மின்சாரம் எடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1990 இல் மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிப் போன பின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்காத வீடு நம் ஊரில் எத்தனை? ஒருவர் மிதிப்பார், ஒருவர் வானொலியின் காதைத் திருகுவார், செய்தியின் முக்கியமான இடத்தில் மிதிப்பவர் களைத்துவிடுவார். உலகின் மிகப் பெரிய பணக்கார நகரத்தின் நடுவில் அதே காட்சி நடந்ததென்றால் சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் சொன்ன தள்ளி நின்றதைப் பற்றி. 2022 ஏப்ரல் 9 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிராகக் கொழும்புக் காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழுந்தன; மூன்று நாள் கழித்து, 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது; ஜூலை 14 அன்று ஜனாதிபதி பதவி விலகினார்; 22 ஆம் திகதி அதிகாலை படையினர் கூடாரங்களைப் பிடுங்கினார்கள். சமையற்கூடம், நூலகம், கண்ணீர்ப்புகை சினிமா என்று பெயர் வைத்த படம் பார்க்கும் கூடாரம் என்று, அங்கிருந்த பலதும் சுக்கொட்டியை நினைவூட்டின. வரிசையில் நிற்பது வடக்குக்குப் புதிதல்ல, எங்கள் வரிசைகளின்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று நம்மவர் பலர் தெற்கைப் பார்த்துக் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே திடலில் அந்த மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது என்பதும் உண்மை. 2018 ஒக்டோபரில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்புடையில் கூடியதும் அதே திடல்தான், அன்று நாட்டுக்கு அது பெரிய செய்தியாக இருக்கவில்லை. தள்ளி நின்று பார்த்தவருடைய படம் ஒன்று வந்திருந்தால், காலிமுகத்திடல் பற்றிய படங்களுள் நான் முதலிற் பார்ப்பது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

*

கேள்வி: நமது ஊரிலேயே 1960களில் பெரும் போராட்டங்கள் நடந்ததாகத் தாத்தா சொல்வார். அவற்றுக்கு ஏதும் படங்கள் உண்டா?
(உயர்தர வகுப்பு மாணவர், நெல்லியடி)

பதில்: தாத்தா சொல்வது சரி. 1966 ஒக்டோபர் 21 அன்று சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸார் அடித்தும் அது கலைந்துபோகவில்லை. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் நடந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். பொது இடத்தில் ஒருவரைச் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கொழும்பில் இருந்தது, தேநீர்க்கடை இங்கே இருந்தது.

அசையும் படமாக எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஒளிப்படங்கள் சில உண்டு, துண்டுப் பிரசுரங்கள் உண்டு, உங்கள் தாத்தா உண்டு. அவரைப் பதிவு செய்யுங்கள், நாளைக்கே. பெரிய பெரிய கேள்விகளைக் கேட்காமல், கடையில் எதில் தேநீர் தந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். சிரட்டை என்பார், தகரப் பேணி என்பார், அதை எங்கே தொங்கவிட்டிருந்தார்கள், யார் கழுவி வைத்தார்கள் என்பார். அந்த நாளின் ஏற்றத்தாழ்வு ஒரு பேணியில் இருந்தது. கமரா ஒன்று இருந்திருந்தால் கடை வாசலில் அரை நிமிடம் நின்றாலே போதும், முழுக் கதையும் பதிவாகியிருக்கும். கமரா இல்லை. இன்று கமரா இல்லாத சட்டைப்பை இல்லை, ஆனால் பேணி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

*

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரு கைபேசி மட்டுந்தான். அம்மாவும் எங்கள் ஒழுங்கைப் பெண்களும் குழுக்கடனில் படும் பாட்டைக் குறும்படமாக்க விரும்புகிறேன். ஆர்ப்பாட்டம் ஒன்று நடந்தால் எடுக்கலாம் என்று காத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
(22 வயது இளைஞர், பருத்தித்துறை)

பதில்: தம்பி, காத்திருக்க வேண்டாம். ஆர்ப்பாட்டம் வரும் நாளில் உங்களுக்கு முன்னால் பத்துக் கமராக்கள் நிற்கும். நீங்கள் மட்டும் எடுக்கக்கூடிய படம் உங்கள் வீட்டுப் படலைக்குள் இருக்கிறது.

குழுக்கடன் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சில பெண்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. நகை, காணி உறுதி எதுவும் ஈடு வைக்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒருநாள் யாராவது ஒருவரின் வீட்டில் கூடிக் கட்டுக்காசு கட்டவேண்டும். மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தர் அட்டையில் ஒப்பமிடுவார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் அந்தத் தொகையைப் போட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எழும்பிப் போக முடியாது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும், கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே இழுத்த பெண்களிடம் இந்தக் கடன் வாசலுக்கே வந்து சேர்ந்தது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர், அளவுக்கு மீறிய வட்டியையும் வசூலிக்க வருபவர்கள் பெண்களுக்குக் கொடுக்கும் தொல்லைகளையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். 2021 மார்ச் 8 அன்று, மகளிர் தினத்தில், பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் இவ்வகை நுண்கடனில் அகப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினார்கள். இது தமிழ்ப் பெண்களின் சிக்கல் மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனிக் கணக்கு. ஓர் உதாரணமாக 50,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 24 வீதம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 26 ஆவது கிழமையில் முதற்பணத்தில் பாதி திரும்பப் போய்விட்டது; வட்டியோ இன்னும் முழு 50,000 இக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் உண்மையில் இருந்த பணத்துக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டிவிடும். பொய் என்று எதுவும் சொல்லப்படவில்லை. 24 என்ற எண் ஒரு அட்டையில் ஒழுங்காக அச்சிடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் மேலே சொன்ன, கண்ணுக்குத் தெரியாத பேணி இதுதான்.

இதை எப்படிக் காட்டுவது? திரையில் எழுத்துப் போட்டு விளக்கினால் அது வகுப்பாகிவிடும். உங்கள் அம்மாவிடம் ஒரு சுளகையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் கொடுத்து, கடன் வாங்கிய நாளிலிருந்து நடந்ததைக் கொட்டையால் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். அவர் எப்படிப் பிரிக்கிறார், எந்தக் கொட்டையைத் தனியே வைக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று கையை மட்டும் எடுங்கள். நான் சொல்வது ஒரு வழிதான். அவரிடம் இதைவிட நல்ல கணக்கு முறை இருக்கக்கூடும், இருந்தால் அதையே எடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குறும்படங்களைத் தேர்வு செய்யும் மூவரில் ஒருவனாக இருந்தேன். வந்தவற்றுட் பல பெருமூச்சும் வயலினுமாகப் போயின. ஒரு படம் மட்டும் நினைவில் நிற்கிறது. அதில் ஒரு கடன் அட்டை பாயின் மேல் கிடக்கிறது. நாற்பது செக்கன் அது அப்படியே கிடக்கிறது. கட்டங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஓர் ஒப்பம், மூன்றாம் வரிசையில் மஞ்சள் பட்ட விரற்குறி ஒன்று. வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்கிறது. உடனே யாரோ ஒரு பிள்ளையை உள்ளே போகச் சொல்லும் குரல். அவ்வளவுதான் அந்தக் காட்சி. மண்டபத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, படத்தில் அந்தச் சத்தம் வந்ததும் தன்னை அறியாமல் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரும் வேறு படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். நான் இன்னும் உடன்படவில்லை.

கைபேசி போதும். சத்தத்துக்கு மட்டும் செலவு செய்யுங்கள்: சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்று வாங்குங்கள், இல்லையேல் இன்னொரு கைபேசியை அம்மாவின் மடியில் வைத்துப் பதியுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். கைபேசியைச் சாய்த்துப் படுக்கையாகப் பிடியுங்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

*

கேள்வி: குறும்படம் எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?
(பெயர் குறிப்பிடாதவர், மானிப்பாய்)

பதில்: 1968 இல் பிரான்சின் மாணவர், தொழிலாளர் எழுச்சியின்போது அங்குள்ள படக்காரர்கள் பெயர் போடாமல், ஒலியும் இல்லாமல், கறுப்பு வெள்ளையில் துண்டுப்படங்கள் எடுத்தார்கள். 16 மில்லிமீற்றர் சுருள் ஒன்றின் நீளம் 100 அடி. அது 2 நிமிடம் 46 செக்கன் ஓடும். படத்தின் நீளமும் ஏறத்தாழ அதுவே. புகழ்பெற்ற இயக்குநர்கள் சிலரும் அவற்றில் வேலை செய்தார்கள், பெயர் இல்லாமலே. நமக்குச் சுருள் தீர்வதில்லை என்பதால்தான் பதினெட்டு நிமிடக் குறும்படங்கள் வருகின்றன.

*

கேள்வி: போராட்டத்தில் நிற்பவர்களின் முகங்களைக் காட்டலாமா? சட்டப்படி சிக்கல் வருமா?
(சமூக சேவையாளர், சாவகச்சேரி)

பதில்: நான் சட்டத்தரணி அல்லன். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ன செய்தது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும், இணையத்தில் ஏற்றும் எவரும் ஒருதடவை வாசித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சட்டத்துக்கு முன்பே வரும் ஒரு சிக்கலை என் தவறிலிருந்து சொல்கிறேன்.

2022 இல், மண்ணெண்ணெய் வரிசை ஒன்றைக் கைபேசியில் எடுத்து ஒரு நிமிடத் துண்டாக இணையத்தில் போட்டேன். கான்கள் கயிற்றில் கோத்தபடி வீதி நீளத்துக்குக் கிடக்க, ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருந்தார்கள். நல்ல காட்சி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். நாலாம் நாள் ஒருவர் வீடு தேடி வந்தார். அன்று வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றவர் அவர். என் படத்தைப் பார்த்து அவருடைய மேலாளர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. "நான் போராட வரேல்லை அண்ணை, எண்ணெய்க்கு வந்தனான்" என்று மட்டும் சொன்னார். படத்தை அன்றே எடுத்துவிட்டேன். அவருக்கு ஒருநாட் சம்பளம் போனது போனதுதான்.

மேடையில் நின்று பேசுகிறவர் தன் முகத்தைத் தானே தருகிறார். வரிசையில் நிற்பவர் அப்படித் தரவில்லை. இந்த வேறுபாட்டை நான் அன்று யோசிக்கவில்லை. வோல் ஸ்ட்ரீட் காலத்தில் சாதாரண மனிதர்கள் தம் கடனையும் வேலையிழப்பையும் தாளில் கையால் எழுதி, அந்தத் தாளை முகத்துக்கு முன் பிடித்தபடி எடுத்த ஒளிப்படங்கள் இணையத்தில் நூற்றுக்கணக்கில் வந்தன. பலருடைய முகம் பாதிதான் தெரியும். சிலருடையது தெரியவே தெரியாது. எழுத்தைப் படித்தபின் அந்த அரை முகத்தை மறக்கவும் முடியாது. முகத்தை மறைப்பது படத்தைப் பலவீனப்படுத்தும் என்று வாதிடும் நண்பர்களுக்கு நான் அவற்றைத்தான் காட்டுகிறேன். கை, கால், முதுகு, செருப்பு, குரல் எல்லாம் இருக்கின்றன. குரலையும் ஊரார் அடையாளம் காண்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்; ஒழுங்கை சிறியது. ஒருமுறை சம்மதம் கேட்டால் போதாது. படம் எடுக்கும் முன் கேளுங்கள், தொகுத்து முடித்தபின் அவருக்குப் போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள். இரண்டாம் தடவை வேண்டாம் என்றால் அந்தக் காட்சி இல்லை.

*

கேள்வி: எடுத்த படத்தை எங்கே காட்டுவது? விழாக்களுக்கு அனுப்பினால் போதுமா?
(குறும்பட இயக்குநர், கிளிநொச்சி)

பதில்: விழாவுக்கு அனுப்புங்கள். 2015 முதல் யாழ்ப்பாணத்திலேயே சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, கொழும்புக்கோ சென்னைக்கோ போய்க் கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஆனால் படத்தில் இருப்பவர்கள் அங்கே வரப் போவதில்லை. வேலை முடித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, கடைசிப் பஸ்ஸைப் பிடித்து யார் வருவார்? ஆகவே முதற் காட்சி சனசமூக நிலையத்தில். விளம்பரம் தேவையில்லை, வாசிகசாலைத் திண்ணையில் பத்திரிகை பார்க்க வருபவரிடம் சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

மேலே நான் சொன்ன கடன் அட்டைப் படத்தை அதன் இயக்குநர் அப்படித்தான் காட்டினார். பரிசு கிடைக்காத கவலையில் இருந்தவரை நான்தான் பிடித்துத் தள்ளினேன், நானும் போயிருந்தேன். வெள்ளை வேட்டி ஒன்றை மரத்துக்கும் தூணுக்கும் இடையே கட்டி, இரவலாக வாங்கிய புறொஜெக்ரரால் படம் விழுத்தினார்கள். காற்று வீசும்போதெல்லாம் அட்டையின் கட்டங்கள் நெளிந்தன. முப்பது பெண்கள் வரை பாயில் இருந்திருப்பார்கள். படத்தில் வரும் அட்டைக்குச் சொந்தக்காரரும் இருந்தார். முன்பே பார்த்துச் சம்மதம் தந்தவர்தான். அந்த நாற்பது செக்கன் வந்தபோது அவர் கையை உயர்த்தி, "தம்பி, இதிலை கொஞ்சம் நிற்பாட்டு" என்றார். படம் நின்றது. "இது வியாழக்கிழமைக் கடன்ரை அட்டை. செவ்வாய்க்கிழமைக் கடன் இதிலை இல்லையே. இதைக் கட்டத்தானே அதை எடுத்தனான்" என்றார்.

இரண்டாவது கடன் ஒன்று இருப்பதை இயக்குநர் கேட்டிருக்கவில்லை. அவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், தனக்குத் திங்களும் வெள்ளியும் என்றது. இன்னொருவர் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று விரலை மடக்கினார். ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு ஒருவரின் நாள் மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை அவர்களின் முகங்களிலிருந்து விளங்கிக்கொண்டேன். திரையில் அட்டை அப்படியே நின்றது. இயக்குநர் மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு வந்து பாயின் ஓரத்தில் இருந்து, யாரிடமோ ஒரு கொப்பியும் பேனையும் வாங்கி, நாட்களை எழுதத் தொடங்கினார்.